கல்வெட்டுக் களப்பயிற்சியும் கல்லூரித் தமிழ்க் கல்வியும்

முன்னுரை

கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவர் கல்வெட்டியலைப் பெரும்பாலும் அச்சிட்ட பாடங்களின் வழியே கற்கின்றனர். அச்சில் சொற்கள் பிரிக்கப்பட்டும் புள்ளியும் நெடிற்குறியும் இடப்பட்டும் உள்ளன. கல்லில் இவை பெரும்பாலும் இல்லை. இவ்விடைவெளியை நிரப்பத்தக்க வகுப்பறைக்கு அப்பாற்பட்ட கல்வியாகக் களப்பயிற்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

புள்ளியும் வாசிப்பும்

மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்னும் தொல்காப்பிய நூன்மரபு விதியை மாணவர் மனனம் செய்கின்றனர். ஆயின், சோழர்காலக் கல்வெட்டுகளில் புள்ளி அருகியே காணப்படுகிறது. இரட்டைக் கொம்பால் நெடிலைக் காட்டும் முறை வீரமாமுனிவரால் (1680-1747) ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது. எனவே, கல்லில் ‘கொல’ என்றிருப்பின் அதனைக் கொல, கொல், கோல, கோல் என நால்வகையாக வாசிக்க இடமுண்டு. நில அளவைக் கூறும் தொடராயின் அது கோல். கம்மாளரைச் சுட்டும் தொடராயின் கொல்லரைக் குறிக்கும் கொல். பதிப்பாசிரியர் செய்து முடித்த இத்தேர்வு அச்சுப் பாடத்தில் மாணவர்க்குப் புலப்படுவதில்லை.

களத்தில் கற்றல்

உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்குச் சான்றாகப் பாடநூல்கள் இவற்றைச் சுட்டுகின்றன. சுவரின்முன் நின்று வாசிக்கும் மாணவர், தமிழ் எழுத்தினூடே கிரந்த எழுத்து கலந்து வருவதையும், முன்னைய ஏற்பாட்டைப் பின்னைய கல்வெட்டு திருத்துவதையும் நேரிற் காண்பர். அதனால் வரலாற்றுச் செய்தி ஒன்று, ஆராய்தற்குரிய மூலமாக மாறுகிறது.

பயிற்சியை மூன்று நிலைகளில் அமைக்கலாம். முதலில், அச்சுப் பதிப்பைக் காணாமல் ஒவ்வொருவரும் சில வரிகளைப் படித்து எழுதுதல் வேண்டும். அடுத்து, அதனைப் பதிப்புடன் ஒப்பிட்டு வேறுபாடுகளுக்குக் காரணம் காட்டுதல் வேண்டும். இறுதியில், சிதைந்த இடங்களில் பதிப்பாசிரியர் ஊகித்தவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். கல்லைக் கழுவி, நனைத்த தாளைத் தூரிகையால் தட்டிப் பதித்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படி முறையைத் தொல்லியல் துறையின் இசைவோடும் வல்லுநர் துணையோடும் மட்டுமே மேற்கொள்ளல் வேண்டும்; பழக்கமற்ற கையால் எழுத்து தேயும். ஏனைய இடங்களில் சாய்வொளியில் எடுத்த ஒளிப்படமே போதுமானது.

முடிவுரை

களப்பயிற்சி சுற்றுலாவாகச் சுருங்குவது மதிப்பீடு இன்மையாலேயே ஆகும். மாணவர் தம் வாசிப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் அளிக்கச் செய்து மதிப்பெண் வழங்கின் இக்குறை நீங்கும். பாடம் என்பது ஒருவரது தேர்வின் விளைவு என்பதைக் கல்லின்முன் உணர்ந்த மாணவர், ஏட்டுச்சுவடியையும் சங்கநூற் பாடவேறுபாட்டையும் அதே விழிப்புடன் அணுகுவர்.