வருமுன் காப்போம்: புற்றுநோயும் நம் அன்றாடப் பழக்கங்களும்

வியாதிப்படுக்கையின் அருகே ஜெபிக்கச் செல்லும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, நான் என்ன பாவம் செய்தேன்?" யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இதைப் போன்றுதான் கேட்டார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே பாடத்தைத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். புற்றுநோய் ஒருவருடைய பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அல்ல. எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர்களுக்கும் அது வருகிறது.

ஆயினும், புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் வந்தவரைக் குற்றப்படுத்தாமல், வராதவரைக் காப்பது எப்படி? இதுவே இன்றைய பாடம்.

1. புகையிலையும் பாக்கும்

தடுக்கக்கூடிய காரணங்களில் முதலிடம் புகையிலைக்கே. பீடியும் சிகரெட்டும் நுரையீரலை மட்டுமல்ல, வாய், தொண்டை, உணவுக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றையும் தாக்கும். "நான் புகைப்பதில்லை, வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலைதான்" என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் துண்டு நாள்தோறும் அடங்கிக் கிடக்கும் கன்னத்தின் உட்புறத்திலேயே புற்று எழும்பக்கூடும்.

புகையிலை சேராத பாக்கும் குற்றமற்றதல்ல. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிசெய்தது. பாக்கைத் தொடர்ந்து மெல்லுகிறவர்களில் சிலருக்கு வாயின் உட்தோல் இறுகி, வாயைத் திறப்பதே சிரமமாகிவிடும். அது ஒரு எச்சரிக்கை. நம் வீட்டுத் திருமணங்களில் தாம்பூலத் தட்டோடு பாக்குப் பொட்டலமும் வைக்கத்தான் வேண்டுமா என்று பெரியவர்கள் யோசிப்பார்களாக.

விட்டுவிட விரும்புகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு. புகைப்பதை நிறுத்திப் பத்து ஆண்டுகளில், நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம், தொடர்ந்து புகைப்பவருக்கு உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

2. மது

"அளவோடு குடித்தால் தவறில்லை" என்பார்கள். புற்றுநோயைப் பொறுத்தவரை பாபத்துக்கு இடமில்லாத அளவு என்று எதையும் சொல்வதற்கில்லை. வாய், தொண்டை, கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றில் மது அபாயத்தைக் கூட்டுகிறது. புகையிலையும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோயின் அபாயம் பல மடங்காகிறது.

3. உணவும் நடையும்

நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனிகள், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை. இவை வளர்ந்தவர்களுக்கான பொதுவான அளவு. முருங்கைக்கீரைக்கும் கொய்யாப்பழத்துக்கும் பெரிய செலவில்லை. உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு பாதுகாப்பே.

4. தாய்மார்களுக்கு

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஒரு வைரஸ் கிருமியே காரணம். 9 முதல் 14 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கு அதற்கான தடுப்பூசி போடலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ மருத்துவப் பணியாளர்களும் அதில் பங்கெடுத்தார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள், கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடம் உண்டா என்று பார்த்தார்கள். முடிவுகள் 2007இல் வெளிவந்தன. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோய் 25 சதவீதமும், இதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது.

இன்னொரு விவரத்தையும் கவனியுங்கள். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. வேலையோ, பயமோ, "எனக்கு ஒன்றும் இல்லையே" என்ற எண்ணமோ நாம் அறியோம். ஆனால் எங்கள் வார்டில் தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்: "கூச்சமாயிருந்தது, யாரிடம் சொல்வது?" வலி தாங்கமுடியாமற்போன பின்பு வருகிறவர்களுக்கு மருத்துவர்கள் செய்யக்கூடியது மிகவும் சுருங்கிவிடுகிறது. உடன் செல்ல ஒரு சகோதரி இருந்திருந்தால் சிலர் முன்பே வந்திருப்பார்கள்.

மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு: இவற்றில் எதுவானாலும் தாமதிக்க வேண்டாம்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கைகள் வியாதியஸ்தருக்கு மருந்தாகின்றன. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் கூச்சப்படும் ஒருவரோடு மருத்துவமனை வரை துணையாக நடப்பது, பஸ் கட்டணத்துக்கு மேல் செலவில்லாத காணிக்கை. அதையும் கேட்கிறோம்.

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:

1. நம் வீட்டில் புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றில் எதை விட வேண்டும்? விட முயலுகிறவருக்கு நாம் எப்படித் துணைநிற்போம்?
2. 30 வயதைக் கடந்த நம் வீட்டுப் பெண்கள் பரிசோதனை செய்துகொண்டார்களா?
3. நம் தெருவில் நோயை மறைத்துக்கொண்டிருப்பவர் யாரேனும் உண்டா? இந்த வாரம் அவரைப் பார்க்கப் போவது யார்?