தீ எச்சரிக்கைக் கட்டுப்பாட்டுப் பலகை: அமைப்பும் நிரலும்

கொல்கத்தாவின் தென்பகுதியில், ரயில் பாதையில் ஜாதவ்பூரை அடுத்து அமைந்த பகுதி டாகுரியா. அங்கிருந்த ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் 2011 டிசம்பர் 9ஆம் நாள் அதிகாலையில் தீப்பற்றியது. வாகனங்களை நிறுத்துவதற்கான அவ்விடத்தில் எளிதில் எரியும் பொருள்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. மேல்மாடிகளில் உறங்கிக்கொண்டிருந்த நோயாளிகளைக் கொன்றது தீயன்று. கண்ணாடிச் சுவர்களுக்குள் சிக்கிய புகையே. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். எட்டு நோயாளிகளைக் காப்பாற்றிய பின் மீண்டும் உள்ளே சென்ற கேரளச் செவிலியர் இருவரும் அவர்களுள் அடங்குவர். எச்சரிக்கை அமைப்பு இயங்காத நிலையில் வைக்கப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின.

கருவியை வாங்குவது வேறு, அதைச் செயல்படும் நிலையில் வைத்திருப்பது வேறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது கட்டுப்பாட்டுப் பலகை.

இருவகைப் பலகைகள்

பழைய முறைப் பலகையில் கட்டடம் சில மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு மண்டலத்தின் உணர்கருவிகள் அனைத்தும் ஒரே மின்கம்பி இணையில் பொருத்தப்படுகின்றன. கம்பியின் கடைசியில் ஒரு மின்தடை இருக்கும். அதன் வழியே சிறிதளவு மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் முற்றிலும் நின்றால் கம்பி அறுந்துவிட்டது என்றும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயர்ந்தால் உணர்கருவி ஒன்று செயல்பட்டது என்றும் பலகை அறிகிறது. எந்த மண்டலம் என்பது தெரியும். எந்த அறை என்பது தெரியாது.

முகவரி முறைப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. பலகை அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாது வினவி விடை பெறுகிறது. கம்பி ஒரு வளையமாகச் சென்று பலகைக்கே திரும்புவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் இருபுறமிருந்தும் தொடர்பு நீடிக்கும். ஓரிடத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அப்பகுதியை மட்டும் துண்டித்துவிட, இடையிடையே தனிமைப்படுத்திகள் பொருத்தப்படுகின்றன.

நிரலமைப்பின் படிகள்

முதற்படி முகவரிப் பட்டியல். கட்டட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கருவிகளுக்கு எண் இட வேண்டும். ஒரே எண் இரு கருவிகளுக்கு அமைந்தால் பலகை பிழை காட்டும்.

இரண்டாவது, பெயரிடுதல். ‘உணர்கருவி 47’ என்பது நள்ளிரவில் ஓடிவரும் காவலருக்குப் பயன்படாது. ‘அடித்தளம், மருந்துக் கிடங்கு, வடக்கு வாயில்’ என்பதே பயன்படும். பெயர், அங்கு பணிபுரிவோர் வழக்கமாகச் சொல்லும் பெயராக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, காரண–விளைவு அட்டவணை. நிரலின் உயிர்நாடி இதுவே. இடப்பக்கம் நிகழக்கூடியவை, மேற்பக்கம் செய்யவேண்டியவை. சான்றாக, அடித்தளத்தில் புகை உணரப்பட்டால் அவசர ஒலி எழுப்புதல், காற்றைச் சுழற்றும் குளிர்சாதன விசிறிகளை நிறுத்துதல், குழாய்வழித் தடுப்புக் கதவுகளை மூடுதல், மின்தூக்கிகளைத் தரைத்தளத்தில் நிறுத்துதல், படிக்கட்டில் புகை நுழையாதவாறு காற்றழுத்த விசிறியை இயக்குதல் ஆகிய ஐந்தும் நடைபெற வேண்டும். விசிறியை நிறுத்தும் ஒரு கட்டத்தில் குறியிட மறந்தால், குளிர்சாதனக் குழாயே புகையை மேல்மாடிக்குச் சுமந்து செல்லும். எனவே அட்டவணையைப் பொறியாளர் மட்டுமன்றி, கட்டடத்தை நிர்வகிப்பவரும் படித்துக் கையொப்பமிடுதல் நன்று.

நான்காவது, மின்கல அளவு. பலகை அமைதிநிலையில் அரை ஆம்பியரும், எச்சரிக்கை நிலையில் 2 ஆம்பியரும் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். 24 மணி நேர அமைதிக்கு 12 ஆம்பியர்-மணி; அரைமணி நேர எச்சரிக்கைக்கு 1; ஆகக் கூடுதல் 13. மின்கலம் நாளடைவில் வலுவிழக்கும் என்பதால் 25 சதவீதம் சேர்த்தால் 16.25. சந்தையில் கிடைக்கும் 18 ஆம்பியர்-மணி மின்கலம் போதுமானது.

பொய் எச்சரிக்கையின் விலை

பலகைகள் ஏன் அணைத்து வைக்கப்படுகின்றன? சமையற்கூடப் புகை, கொசுமருந்துப் புகை, தூசி, நீராவி ஆகியவை மீண்டும் மீண்டும் பொய்யொலி எழுப்புகின்றன. ஒவ்வொரு பொய்யொலியும் நம்பிக்கையைக் குறைக்கிறது. மூன்றாம் முறை எவரும் எழுவதில்லை. நான்காம் முறை ஒருவர் விசையை அணைத்துவிடுகிறார். இது பொருளியலில் நன்கறியப்பட்ட நிலைமை: தொல்லை அன்றாடம் கண்ணுக்குத் தெரிகிறது, இழப்பு என்றோ ஒருநாள் வரும் என்பதால் கணக்கில் சேர்வதில்லை.

இதற்குத் தீர்வு நிரலிலேயே உண்டு. சமையற்கூடத்தில் புகை உணர்கருவிக்குப் பதிலாக வெப்ப உணர்கருவியை வைக்கலாம். இரு உணர்கருவிகள் ஒப்புக்கொண்டால் மட்டுமே பொது ஒலி எழும்படி செய்யலாம். முதலில் பணியாளர்க்கு மட்டும் தெரிவித்து, குறுகிய கால ஆய்வுக்குப் பின் பொது எச்சரிக்கை விடலாம்; அக்காலத்துக்குள் எவரும் விடையளிக்காவிடில் ஒலி தானாகவே எழ வேண்டும். கையால் அழுத்தும் கண்ணாடிப் பெட்டிக்கு எந்தத் தாமதமும் கூடாது. பழுது பார்ப்பதற்காக ஒரு கருவியை விலக்கினால், பலகை அதனை விளக்கொளியால் காட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

உணர்கருவிகளை விலக்கவும் நிரலை மாற்றவும் வெவ்வேறு நிலை அனுமதிகள் உண்டு. கடவுச்சொல்லைப் பலகையின் கதவிலேயே எழுதி ஒட்டுவது, பூட்டின் மீதே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். யார், எப்போது, எதை விலக்கினார் என்பதைப் பலகையின் பதிவேடு நினைவில் வைத்திருக்கிறது. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் முதலில் கேட்க வேண்டியது சான்றிதழையன்று, இப்பதிவேட்டையே.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2189 நடைமுறைக் கோவையும், 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதியும் இத்துறையில் வழிகாட்டுகின்றன. விதிகளுக்குக் குறைவில்லை. நிரல் அமைத்த நாளில் ஒவ்வொரு உணர்கருவியையும் சோதனைப் புகையால் செயல்படுத்தி, அட்டவணையில் எழுதியது நடைபெறுகிறதா எனக் கண்டறிய வேண்டும். அதன்பின் குறித்த காலந்தோறும் சோதனையைத் தொடர வேண்டும். கட்டடத்தில் ஒரு சுவர் எழுந்தாலும், ஒரு கிடங்கு இடம் மாறினாலும் நிரலும் மாற வேண்டும். வாகன நிறுத்தம் கிடங்காக மாறியதைப் பலகை தானாக அறியாது. அதை அறிந்த மனிதரே பலகைக்குச் சொல்ல வேண்டும்.