உழவு இயந்திரத்தின் றேடியேற்றருக்கு ஏற்ற நீர் எது?

பெரும்போக உழவின் நடுவே எஞ்சின் கொதித்து நின்றுவிட்டால், நிலத்தின் ஈரம் நமக்காகக் காத்திராது. விதைப்புப் பிந்தும், விளைவுங் குறையும். றேடியேற்றரில் ஊற்றிய பொருந்தாத திரவமே பலவேளைகளில் இவ்விடருக்குக் காரணமாகும்.

நீரின் சிறப்பு

எஞ்சினின் வெப்பத்தை நீர் ஏற்று றேடியேற்றருக்குக் கொண்டுசெல்ல, அங்கே காற்று அதனை அகற்றுகின்றது. ஒரே நிறையுள்ள நீரையும் எண்ணெயையும் ஒரே அளவிற்குச் சூடாக்க, நீருக்கு ஏறக்குறைய இருமடங்கு வெப்பம் வேண்டும். ஆகவே வெப்பத்தைச் சுமப்பதில் நீரே மேலானது. அமெரிக்காவின் பழைய றம்லி ‘ஒயில்புள்’ இயந்திரங்கள் எண்ணெயாற் குளிர்விக்கப்பட்டன. அவை அதற்கெனவே அமைக்கப்பட்டவை.

தவிர்க்க வேண்டியவை

1. சவர் நீர்: இதிலுள்ள உப்பு உலோகப் பாகங்களை அரிக்கும்.

2. சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீர்: யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பல கிணறுகளின் நீர் இத்தகையது. கேத்தலின் உட்புறத்தில் வெண்மையாகப் படிவதே எஞ்சினுள்ளும் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும்.

3. வாய்க்கால் நீர்: சேறு நுண்குழாய்களை அடைக்கும்.

4. மண்ணெண்ணெய் முதலிய எண்ணெய்கள்: றப்பர்க் குழாய்களைப் பழுதாக்கும். மண்ணெண்ணெய் தீப்பற்றவுங் கூடும்.

ஏற்ற கலவை

வடித்த நீரையும் எதிலீன் கிளைக்கோல் கொண்ட குளிர்விப்புத் திரவத்தையும் சம அளவிற் கலந்து ஊற்றுக. இக்கலவை சாதாரண காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 107 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். இதிற் சேர்க்கப்பட்ட மருந்துகள் துருவையுந் தடுக்கும். நீர் கலவாத கிளைக்கோல் வெப்பத்தைக் குறைவாகவே சுமக்கும். அதனைத் தனியே ஊற்றலாகாது. கலந்தே விற்கப்படும் திரவத்திற்கு மேலும் நீர் சேர்க்க வேண்டியதில்லை.

நீர் ஆவியாகிக் குளிர்விக்கும் திறந்த தொட்டியுள்ள சிறிய எஞ்சின்களுக்குத் தூய நீர் மட்டுமே போதும். மழைநீரை வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

எச்சரிக்கை

எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதவாறு அதனை வைத்திருங்கள். கழித்த திரவத்தைக் கிணற்றருகிலோ வயலிலோ ஊற்றாதீர்கள்.

வயலில் எஞ்சின் கொதித்தால்

உடனே நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுடும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்நீரைத் திடீரென ஊற்றினால் இரும்பு வெடிக்கக்கூடும். நன்கு ஆறவிட்டு, கிடைக்கும் தெளிந்த நீரை மெல்ல ஊற்றி வீடு திரும்புங்கள். பின்னர் அந்நீரை வடித்து, உள்ளே கழுவி, உரிய கலவையை நிரப்புங்கள்.

ஐயமிருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுக.