பினாங்கில் என்ன சாப்பிடுவது?

கிழக்குத் தாம்பரம்

அன்புள்ள கயல்,

உன் அம்மா போனில் புலம்பித் தீர்த்துவிட்டாள். பினாங்குக்குப் படிக்கப் போன பெண், லிட்டில் இந்தியாவில் இட்லியும் அறையில் தயிர்சாதமுமாகவே காலத்தை ஓட்டுகிறாளாம். இட்லி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதற்கு விமானம் ஏறியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இங்கே சாயங்காலமானால் வந்து நிற்கிற அத்தோ வண்டியை நீ பார்த்திருப்பாய். ஒரு பேசினில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், முறுக வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர். பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். நம் பிள்ளைகள் அதைத் தாம்பரத்துத் தீனி என்றே நினைக்கிறார்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1962-ல் பர்மாவில் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடை, வணிகம் எல்லாம் அரசுடைமை ஆயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடிப் பக்கம் பலர் குடியேறினார்கள். 1969-ல் துறைமுகத்தை ஒட்டி பர்மா பஜார் வந்தது. அந்த வட்டாரத்துத் தள்ளுவண்டிகளிலிருந்துதான் அத்தோவும் மொய்ங்கா என்கிற சூப் நூடுல்ஸும் புறநகர் வரைக்கும் பரவின. அந்த மக்கள் ரங்கூனில் இருந்த காலத்தில் வீட்டுச் சாம்பாரைத் தாண்டாமல் இருந்திருந்தால், இங்கே வந்து எதை விற்றிருப்பார்கள்? சொத்தைப் பறித்தவர்களால் கைப்பக்குவத்தைப் பறிக்க முடியவில்லை.

உனக்கு அப்படி ஒரு நெருக்கடி வர வேண்டாம். ஆனால் நீ இருக்கிற ஊர் லேசுப்பட்டதல்ல. அசாம் லக்சாவிலிருந்து தொடங்கு. கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து உதிர்த்து, புளிப்பேற்றிய குழம்பு. அடியில் தடித்த அரிசி நூடுல்ஸ். மேலே வெள்ளரிக்காய், அன்னாசி, புதினா, கறுப்பாக ஒரு கரண்டி இறால் விழுது. முதல் வாய்க்கு வாடை தூக்கலாகத்தான் இருக்கும். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீட்டுக்குள் முதன்முதலாக நுழைகிற வெளியூர்க்காரருக்கும் அப்படித்தானே இருக்கும்? பாதிக் கிண்ணம் போனபின் முடிவு செய். மீன் குழம்பு ஊற்றி இடியாப்பம் தின்று வளர்ந்த நாக்குக்கு அது அவ்வளவு தூரத்துச் சொந்தமில்லை.

அடுத்தது நாசி கண்டார். இது நம்மவர்கள் அந்த ஊருக்குக் கொடுத்தது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பைப் போட்டு, இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சுமந்து விற்றது. ஒரே குழம்பு கேட்டு வாங்காதே. ‘பஞ்சிர்’ என்று சொல். நாலைந்து குழம்பையும் வெள்ளமாக ஊற்றுவார்கள். அந்தக் கலப்பில்தான் ருசியே.

கடை தேடுவதற்குப் போனில் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருக்காதே. பல வண்டிக்காரர்கள் ஆயுசு முழுக்க ஒரே பண்டத்தைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு நேரம் உண்டு, சரக்குத் தீர்ந்தால் மூடிவிடுவார்கள். உள்ளூர்ப் பாட்டிகள் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு நிற்கிறார்களோ, அங்கே அப்போது நில். பக்கத்து மேசைத் தட்டைக் காட்டி “அது என்ன?” என்று கேட்க வெட்கமே வேண்டாம். சௌராஸ்தா மார்க்கெட்டுக்கு ஒருநாள் காலையில் போ. நாம் விதையை மட்டும் உரசிப் போடுகிற ஜாதிக்காயின் சதையை அங்கே ஊறுகாய் போட்டு விற்பார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெலாச்சான் என்கிற இறால் விழுது, காய்கறிப் பொரியலில்கூட ஒளிந்திருக்கும். கூட வருகிற தோழிக்கு இறால் ஒத்துக்கொள்ளாதென்றால் கேட்டுவிட்டு வாங்கு.

நீ கேட்ட புளிக்காய்ச்சலை அனுப்புகிறேன். அது காய்ச்சல் வந்த நாளுக்கும் மழை நாளுக்கும். மற்ற நாட்களில் வெளியே போய்ச் சாப்பிடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, எந்தத் தெருவில் லக்சா நன்றாக இருக்கிறது, எத்தனை ரிங்கிட் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
மாமா