ஷோகேஸ் அலங்காரம்: யாருக்கு எந்தப் படிப்பு?

கடையையும் சரக்கையும் கண்ணுக்கு விருந்தாக அமைக்கும் விஷுவல் மெர்ச்சண்டைசிங் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. தீபாவளிக்கோ ஆடித் தள்ளுபடிக்கோ எல்லாக் கிளைகளின் ஷோகேஸும் எப்படி இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் வரைந்து கொடுப்பவர் ஒருவர். அந்த வரைபடத்தைக் கடையில் நிறுத்திக் காட்டுபவர் இன்னொருவர். கடை மூடிய பிறகுதான் அவருக்கு வேலை தொடங்கும். ஏணியில் ஏறி விளக்கைத் திருப்பி, பொம்மைக்கு உடுத்தி, காலையில் ஷட்டர் தூக்கும் முன் போட்டோ எடுத்து அனுப்பியாக வேண்டும். மூன்றாமவர் விற்பனைக் கணக்கைப் பார்த்து, எந்தச் சரக்கு எந்த அலமாரியில், எந்த உயரத்தில் என்று பிளானோகிராம் போடுபவர். இந்த மூன்றில் உங்கள் மனம் எதில் நிற்கிறது என்று தெரியாமல் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் பணமும் வருடமும் வீணாகும்.

வரைந்து கொடுக்கும் வேலைதான் ஆசை, வயதும் பதினேழு பதினெட்டு என்றால் நிஃப்ட் (நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபேஷன் டெக்னாலஜி) நுழைவுத் தேர்வை எழுதிவிடுங்கள். 1986இல் டெல்லியில் தொடங்கிய நிறுவனம் அது. சென்னை வளாகம் தரமணியில் 1995 முதல் இருக்கிறது. ஃபேஷன் கம்யூனிகேஷன் என்ற நான்காண்டு பி.டெஸ். படிப்பைப் பாருங்கள். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம். 24 வயதுக்குள் இருக்க வேண்டும். நுழைவுத் தேர்வில், கையில் கொடுக்கும் பொருள்களை வைத்து ஒரு மாதிரி செய்து காட்டும் சுற்று உண்டு. இந்தத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள். அந்த நான்காண்டில் கிராஃபிக் டிசைன், போட்டோகிராஃபி, ஸ்டைலிங், ஃபேஷன் இதழியல் எல்லாம் வரும். ஷோகேஸ் அதில் ஒரு பகுதி மட்டுமே. இறுதி ஆண்டு ப்ராஜெக்டைக் கடை அலங்காரத்தில் எடுப்பவருக்குத்தான் அந்தப் பட்டம் இந்தத் துறைக்கான சாவி.

அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய என்.ஐ.டி.யில் (நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன்) எக்சிபிஷன் டிசைன் பிரிவு இருக்கிறது. அருங்காட்சியகம், கண்காட்சி, கடை என எல்லா இடங்களையும் ஒரே கண்ணால் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு. துணியைவிட இடத்தில் ஆர்வம் உள்ளவருக்கு நிஃப்டைவிட இதுவே மேல். நுழைவது மிகக் கடினம்.

பலர் எண்ணிப் பார்க்காத வழி எழும்பூரில் இருக்கிறது. 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி அது. ஓவியம், சிற்பம், ஜவுளி வடிவமைப்பு, விஷுவல் கம்யூனிகேஷன் என்று பி.எஃப்.ஏ. படிக்கலாம். கட்டணம் தனியார் டிசைன் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. நிறம், அளவு, பொருளின் எடை, எதை எங்கே நிறுத்தினால் கண் நிற்கும் என்பதெல்லாம் கையில் ஏறிவிடும். ஸ்கெட்ச்அப், இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய மென்பொருள்களையும் விற்பனைக் கணக்கையும் நீங்களே தேடிப் படிக்க வேண்டியிருக்கும். அவற்றைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். கைத்தேர்ச்சி அவ்வளவு விரைவில் வராது. வசதி குறைந்த, நன்றாக வரையும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கல்லூரியைத்தான்.

தனியார் டிப்ளமோக்கள் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை நடக்கின்றன. விஸ்காம், இன்டீரியர், ஃபேஷன் ஏதாவது படித்தவருக்கும், ஏற்கெனவே கடையில் வேலை பார்ப்பவருக்கும் அவை உதவும். பிளஸ் டூ முடித்ததும் அவற்றை மட்டும் நம்பிச் சேராதீர்கள். சேரும் முன் நேரில் போய்ப் பாருங்கள். வளாகத்தில் உண்மையான ஷோகேஸ் ஒன்று இருக்கிறதா? அதை நான் எத்தனை முறை என் கையால் அலங்கரிப்பேன்? பாடம் நடத்துபவர் இப்போதும் கடைகளுக்கு வேலை செய்கிறாரா? போன வருடம் முடித்த இரண்டு பேரிடம் பேச முடியுமா? இவற்றுக்கு நேரான பதில் வராமல் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்ற துண்டறிக்கை மட்டும் கைக்கு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடையிலேயே கற்பதை யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்ட இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ஜியோர்ஜியோ அர்மானி, 1957இல் மிலானின் லா ரினாஷென்டே கடையில் சேர்ந்து ஷோகேஸ் அலங்காரம் செய்தார். ஆடை உலகத்துக்குள் அவர் நுழைந்தது அந்த வழியாகத்தான். நம் ஊரில் தி.நகரிலோ மதுரையிலோ பட்டுப் பிரிவில் பொம்மைக்குச் சேலை கட்டுபவரைக் கவனியுங்கள். ஊசிகளைக் கொண்டு கொசுவத்தை நிறுத்தி, ஜரிகைக்கரை மடியாமல், முந்தானையின் வேலைப்பாடு முழுதும் தெரியும்படி கட்டுகிறார். அந்தத் திறமை புத்தகத்தில் கிடைக்காது. அவரிடம் ஆறு மாதம் உதவியாளராக இருப்பது ஒரு செமஸ்டருக்குச் சமம் என்பேன். ஒரு குறை: வெறும் கடை அனுபவத்தோடு தலைமை அலுவலக வேலைக்குப் போவது கடினம். லைஃப்ஸ்டைல், டைட்டன் போன்ற சங்கிலிக் கடை நிறுவனங்களின் தலைமையகங்கள் பெங்களூரில் இருக்கின்றன. வெஸ்ட்சைடை நடத்தும் டிரெண்ட் மும்பையில். அங்கே பட்டமும் கேட்பார்கள், போர்ட்ஃபோலியோவும் கேட்பார்கள்.

எந்த வழியில் போனாலும் விளக்கைப் பற்றி ஆழமாகப் படியுங்கள். கடையில் எடுத்த சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்ப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். அவர்கள் சந்தேகம் நியாயமானது. விளக்கொளி நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்ற அளவு இருக்கிறது, உச்சம் 100. சாதாரண எல்.இ.டி. 80 அளவில் நிற்கும். ஆழ்ந்த சிவப்பில்தான் அது பெரும்பாலும் தடுமாறும். அதனால் அரக்குப் பட்டு மங்கி, பழுப்படித்துத் தெரியும். பட்டுக்கு 90க்கு மேல் கேளுங்கள். தங்கத்துக்கு மஞ்சள் சார்ந்த ஒளி, வைரத்துக்கு வெள்ளை ஒளி. இதைப் பாடத்திட்டத்தில் வைத்திராத படிப்பு, எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், பாதிப் படிப்புதான்.

வெளிநாடு என்றால் நியூயார்க்கின் ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் (எஃப்.ஐ.டி.) இது சார்ந்த படிப்பு இருக்கிறது. உதவித்தொகை கிடைத்தால் போகலாம். வீட்டை அடகு வைத்துப் போகும் துறை இதுவல்ல.

பதினேழு வயதுக்காரர் நிஃப்ட், என்.ஐ.டி. இரண்டையும் எழுதட்டும், கிடைக்காவிட்டால் எழும்பூர். பட்டம் முடித்தவர் முதலில் கடை வேலையில் சேரட்டும், டிப்ளமோவைப் பிறகு யோசிக்கலாம். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் நான்காண்டு படிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். படிப்பிலோ வேலையிலோ சேரும் வரை சும்மா இருக்காதீர்கள். உங்கள் தெருவில் உள்ள துணிக்கடையிலோ பாத்திரக்கடையிலோ அனுமதி கேட்டு, ஒரு ஷோகேஸை நீங்களே மாற்றி அமையுங்கள். மாற்றும் முன்பும் பின்பும் போட்டோ எடுத்து, ஆன செலவையும் குறித்து வையுங்கள். உங்கள் போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.