பாலும் ஹாலும்



டிப்ளமோ மின்னியல் படிக்கிறவனுக்கு மொழி ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் அண்ணனும் அதையேதான் கேட்டார். "பேசாம மோட்டாரைப் பத்தி எழுதுடா" என்றார். மோட்டாரும் வரும், பொறுங்கள்.

எங்கள் ஊர் பொட்டிப்புரம். நியூட்ரினோ என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்கு விளங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. எங்கள் வீடு கன்னட வீடு. எழுதப் படிக்கத் தெரியாது, பேச்சு மட்டும்தான். பாட்டிக்குப் பால் என்றால் ‘ஹாலு’, பல் என்றால் ‘ஹல்லு’. ஆறாம் வகுப்பில் ஒருநாள் பத்து என்பதை வாய் தவறி ‘ஹத்து’ என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. ‘உடைஞ்ச தமிழ்’ என்று பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக் அட்மிஷனுக்குப் பாட்டியும் ஆசையாக வந்தார். வரிசையில் நிற்கும்போது அவர் கன்னடத்தில் கேட்டதற்கெல்லாம் நான் தமிழிலேயே பதில் சொன்னேன். நாலைந்து கேள்விக்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

பிறகு ஒருநாள் நூலகத்தில் கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் பற்றிப் படித்தேன். அது 1856-இல் வெளிவந்த நூல். அதற்கு முன்பே, 1816-இல், சென்னையில் எல்லிஸ் என்ற அதிகாரி தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம் என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பாட்டியின் சொற்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். பால் – ஹாலு. பல் – ஹல்லு. புலி – ஹுலி. பெண் – ஹெண்ணு. பூ – ஹூவு. பாம்பு – ஹாவு. போ – ஹோகு. ஒரு சொல் மட்டும் மாறியிருந்தால் பிழை எனலாம். இத்தனையும் ஒரே திசையில் மாறினால்? அது விதி நண்பர்களே, நம் ஓம் விதி மாதிரி!

பழைய கன்னடத்திலும் இவை ‘ப’ தான். இன்று ஹல்மிடி என்கிற ஊர், 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் கல்வெட்டில் பல்மிடி. தெலுங்கிலும் பால் ‘பாலு’ தான். ஆனால் பேப்பர் மட்டும் கன்னடத்தில் ‘ஹேப்பர்’ ஆகவில்லை. விதி ஓய்ந்த பிறகு வந்து சேர்ந்த சொல் அது.

இதே ‘ப’வுக்கு ஆங்கிலத்திலும் ஒரு விபத்து நடந்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் பிதா, ஆங்கிலத்தில் ஃபாதர். பாதம், ஃபுட். பஞ்ச, ஃபைவ். 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும், அந்த மூலம் இன்று இல்லாமலே போயிருக்கலாம் என்று பேசினார். இந்த ‘ப’, ‘ஃப’ மாற்றத்தை 1822-இல் விதியாக எழுதியவர் ஜேக்கப் கிரிம், நாட்டுப்புறக் கதைகள் தொகுத்த அதே கிரிம்! ஆங்கிலத்தை உடைந்த சமஸ்கிருதம் என்று யாராவது சொல்கிறார்களா?

அந்த மூலமொழியில் ஒரு வரிகூட எழுத்தில் கிடையாது. பிள்ளைகளின் முகத்தை வைத்துத் தாயின் முகத்தைக் கணக்குப் போடுகிறார்கள். நியூட்ரினோவையும் யாரும் நேரில் பார்த்ததில்லை, மோதிய தடத்தை வைத்துத்தானே கண்டுபிடிக்கிறார்கள்? அப்படிக் கணித்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். ‘இது எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, எங்கள் கணக்கு’ என்று பொருள். நம் லேப் ரெக்கார்டிலும் இப்படி ஒரு குறி இருந்தால் பலர் மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது காதுக்கு வருவோம். தமிழில் செவி. ("செவிட்டுல விடுவேன்" என்கிறோமே, அதுவும் இதுதான்.) தெலுங்கிலும் செவி. பாட்டிக்குக் ‘கிவி’. ஓட்டுப் போட்டால் ‘செ’ ஜெயித்துவிடும். ஆனால் குடகில் கெவி, நீலகிரிக் கோத்தர் பேச்சில் கெவ். தூரத்துப் பலுசிஸ்தானில் பேசும் பிராகுயியிலும் முதல் ஒலி ‘க’வின் இனம்தான். ‘எ’, ‘இ’ முன்னால் வரும் ‘க’ ‘ச’வாவது உலக வழக்கம், திரும்பிப் போவது அபூர்வம். லத்தீன் கெந்தும் இத்தாலியில் செந்தோ ஆனது போல. ஆகவே மூலச்சொல் *கெவி. சேரி – கேரி, செம்மை – கெம்பு எல்லாம் இதே ரகம். ‘அப்படியானால் கேள், கெடு ஏன் மாறவில்லை?’ என்பீர்கள். பின்னால் ட, ண, ள, ழ வந்தால் தமிழில் ‘க’ பெரும்பாலும் தப்பித்துவிடும். தெலுங்கில் அதுவும் தப்பவில்லை, கெடு அங்கே செடு!

ஆக, பாலில் தமிழ் பழையதைக் காப்பாற்றியது. காதில் பாட்டி காப்பாற்றினார். இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. காதுக்கு ஒத்தாற்போல் இருப்பதெல்லாம் உறவு இல்லை. எட்டு – எய்ட் ஒன்றுபோல இருக்கிறதே என்று நானும் குதித்தேன். லத்தீனில் அது ஒக்தோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. நம் எட்டின் வேரோ எண்பது, எண்ணூறு இவற்றில் தெரியும் எண். கன்னடத்தில் எண்டு. வெறும் தற்செயல்! மாறாக, சென்டிமீட்டரின் சென்டி, சதவீதத்தின் சதம், ஆங்கில ஹண்ட்ரட் மூன்றும் ஒட்டவே ஒட்டாது, ஆனால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

சீனியர் அண்ணனுக்காக மோட்டார். டி.சி. மோட்டாரின் வெளிச்சட்டத்தை ‘யோக்’ என்று படிக்கிறோம். யோக் என்றால் நுகத்தடி. சமஸ்கிருத யுகம், லத்தீன் யுகும் இரண்டுக்கும் அதே பொருள். எங்கப்பா மாட்டின் கழுத்தில் வைப்பதைத்தான் நான் வைவாவில் சொல்கிறேன்.

போன லீவில் பாட்டியிடம் கன்னடத்திலேயே பேசினேன். "உனக்கு இது மறந்துபோச்சுன்னு நெனச்சேன்" என்றார். ரெக்கார்ட் நோட்டின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். உங்கள் வீட்டுத் தெலுங்கு, மலையாளச் சொற்களையும் கொண்டுவாருங்கள், பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம். ‘ப’வில் தொடங்குவதும் ‘ச’வில் தொடங்குவதும் முதலில் வேண்டும்.