பாக்குத் துவர்ப்பும் நாவல் துவர்ப்பும்

லே பகோத் தெ கோஸ் என்ற சிவப்பு ஒயினை முதல்முறை குடித்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. பெங்களூரில் ஒரு கடையின் ஜன்னலோரம், வெயில் படும் இடத்தில் நின்றுகொண்டிருந்த பாட்டில் அது. மேல்தகட்டைக் கிழித்ததுமே கார்க் வெளியே தள்ளியிருந்தது தெரிந்தது. முகர்ந்தால் வெல்லப்பாகில் வெந்த உலர்திராட்சை. ‘ஒரு தோட்டத்தின் முதன்மை ஒயினுக்கு அடுத்ததாக வரும் இரண்டாம் ஒயின் என்றால் இவ்வளவுதான்’ என்று முடிவுகட்டிவிட்டேன். வெயிலில் வெந்த ஒரு பாட்டிலை வைத்து ஒரு தோட்டத்தையே எடைபோட்டது என் தவறு. இப்போதெல்லாம் பாட்டில்களைப் படுக்கவைத்து, குளிர்ச்சியான அறையில் காக்கும் கடையில்தான் வாங்குகிறேன்.

அந்தத் தோட்டம் போர்தோவில், சேந்த் எஸ்தெஃபில் உள்ள கோஸ் தெஸ்தூர்னெல். 1855 போர்தோ ஒயின் தரவரிசையில் இரண்டாம் படி. அதன் பழைய உரிமையாளர் லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் இந்தியாவுக்கே கப்பலில் ஒயின் அனுப்பியவர். கிடங்கின்மேல் கீழ்த்திசைப் பாணியில் கோபுரங்கள் எழுப்பினார். அந்தக் கோபுரங்களின் பெயரில்தான், ‘பகோத்’ என்று, 1994 முதல் இரண்டாம் ஒயின் வருகிறது. பெரும்பாலும் இளங்கொடிகளின் பழம். மண்ணும் ஆட்களும் அதேதான். முதல் ஒயினைப்போல நெடுங்காலம் காத்திருக்கவும் வேண்டாம்.

அதே ஒயினின் அடுத்த பாட்டிலை மச்சினன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தான். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்கச் சொல்வது ஐரோப்பாவின் அறைகளுக்குப் பொருந்தும். நம் ஏப்ரலில் ஃப்ரிட்ஜில் வைத்து, 16-18 டிகிரிக்குக் கொண்டுவந்துதான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும்.

ஒப்பிட்டுப் பார்க்க, நந்தி மலையடிவாரத்து ஒயினான குரோவர் லா ரிசர்வ் வாங்கினேன். போர்தோக்காரர் மிஷேல் ரோலானின் ஆலோசனையில் உருவானது. கேபர்னே சோவின்யோன், ஷிராஸ் திராட்சைகள் சேர்ந்தது. இரண்டு பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றி மனைவி ஊற்றினாள். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும்.

துவர்ப்பை அளக்க நம்மிடம் நல்ல அளவுகோல்கள் இருக்கின்றன. வாய் முழுக்கச் சுருட்டி, ஈறில் ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்பது பாக்குத் துவர்ப்பு. கறை பிடித்ததுபோல் கசப்போடு வருவது வாழைப்பூ; அப்படியென்றால் திராட்சை சரியாகப் பழுக்கவில்லை. நாக்கை லேசாகப் பிடித்து, உடனே எச்சில் ஊறவைப்பது நாவல்பழம். நல்ல போர்தோவில் நான் தேடுவது இதைத்தான். ஒரு மிடறை வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, ருசி எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுவேன்.

“முதல் கிளாஸ் பாக்கு மென்ன மாதிரி இருக்கு மாமா” என்றான் மச்சினன். அதுதான் பகோத். அப்போதுதான் திறந்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து, காரம் குறைத்த மட்டன் சுக்காவோடு அதையே மறுபடி குடித்தான். கொழுப்பில் துவர்ப்பு அடங்கி, நாவலாக மாறியிருந்தது. மிளகாய்க் காரம் கூடியிருந்தால் அந்தத் துவர்ப்பு எரிச்சலாகியிருக்கும்.

மிச்சத்தை கார்க் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் மாலை ஊற்றியபோது, முதல் நாள் ஒளிந்திருந்த வாசனை வந்தது. அப்போதுதான் சீவிய பென்சில். கிளாஸிலிருந்து மூக்கை எடுக்க மனம் வரவில்லை.